மூன்று நாட்டு நிழல்

அந்த வியாழக்கிழமை மாலை 3.30 மணிக்கு எங்கள் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பதினோரு பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள்கூட மதியமே முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். கென்யா ஆசிரியர் இணைப்பில் வந்துவிட்டார். பின்லாந்துப் பள்ளி வரவில்லை. 4.10 பேருந்தை விட்டால் பாதிப் பேர் 6 மணி வரை நிழற்குடையில் நிற்க வேண்டும். நான்கு மணிக்குக் கணினியை அணைத்தேன். "நம்மகூடப் பேச அவங்களுக்கு இஷ்டமில்லையா மிஸ்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

இணையவழிப் பயிற்சி ஒன்றில் அறிமுகமான மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய சிறு வேலை அது. மதுரைப் பக்கத்தில் நாங்கள், நைரோபி அருகே ஒரு பள்ளி, ஹெல்சிங்கி அருகே ஒரு பள்ளி. மார்ச் மாதம் இரவும் பகலும் சமமாகும் நாளில், அவரவர் ஊரின் நண்பகலில், ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளக்க வேண்டும். அந்த அளவுகளைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட வேண்டும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எரடோஸ்தனீஸ் செய்த அதே வேலை. தனியாக ஒரு பள்ளி இதைச் செய்ய முடியாது. வடக்கே தெற்கே தள்ளி இன்னொருவர் வேண்டும். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். பெயருக்குக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டாக இல்லாமல், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் வேலை நின்றுபோகும் கூட்டாக இருக்க வேண்டும் என்று விரும்பினோம்.

அளக்கும் நாள் நன்றாகவே போனது. எங்கள் ஊரில் அன்று சூரியன் உச்சிக்கு வந்தது 12.25க்கு. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. நாமோ 78 பாகையில் இருக்கிறோம். இந்த வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தில் பலமுறை நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் வெயிலில் நின்று, 12 மணிக்குப் பிறகும் நிழல் குறுகிக்கொண்டே போவதைப் பார்த்தபோதுதான் அது அவர்களுக்குப் பாடமானது. நைரோபி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே நிழல் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஹெல்சிங்கியில் குச்சியைவிட நிழல் நீளம், 175 சென்டிமீட்டர்.

அதற்கடுத்த வாரத்தில்தான் மேலே சொன்ன வியாழக்கிழமை வந்தது.

பத்து நாட்கள் நான் ஒன்றும் எழுதவில்லை. அவர்கள்தானே வரவில்லை, அவர்களே எழுதட்டும் என்றிருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினோராம் நாள் பின்லாந்து ஆசிரியையிடமிருந்து இரண்டே வரிகள் வந்தன: அன்று நாங்கள் காத்திருந்தோம், உங்கள் பள்ளியில் எல்லாரும் நலமா?

அவர்கள் வந்திருக்கிறார்கள். நாங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, காத்திருந்து, போய்விட்டார்கள். ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி வைக்கிறார்கள். குளிர்காலத்தில் பின்லாந்துக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு, கோடையில் இரண்டரை மணி நேரம். அவர்களுடைய பகல் 12 மணி, பிப்ரவரியில் நமக்கு 3.30, ஏப்ரலில் 2.30. கென்யாவிலும் நம்மைப் போலவே கடிகாரத்தைத் தொடுவதில்லை. அதனால் அந்த ஆசிரியரும் நானும் சரியாக ஒரே நேரத்தில் வந்து, ஒரே தவறான முடிவுக்கும் வந்திருந்தோம்.

கென்யா ஆசிரியர் இன்னொன்றையும் சொன்னார். சுவாஹிலி மொழியில் காலை ஏழு மணிதான் முதல் மணி. நாம் பகல் ஒரு மணி என்பதை அவர்கள் ஏழாம் மணி என்பார்கள். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய ஊர்க்காரர்களான நமக்கு இது புரியாத கணக்கா என்ன? மாணவர்கள் அன்று வீட்டுக்குப் போய்ப் பாட்டிகளிடம் நாழிகைக் கணக்குக் கேட்டு வந்தார்கள்.

அதன்பின் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். கூட்டத்துக்கு அழைப்பவர் மூன்று நாட்டு நேரத்தையும் எழுத வேண்டும். தேதியில் மாதத்தை எண்ணால் எழுதக்கூடாது. 3/4 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. 'நாளை மாலை' என்ற சொல்லே கூடாது. யாராவது வராவிட்டால் அன்றே ஒரு வரி எழுதிக் கேட்டுவிட வேண்டும். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். எட்டி இருப்பவரின் மௌனத்துக்கு நாமாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறோம். நான் கற்பித்துக்கொண்ட காரணத்தைத்தான் அந்தப் பையன் வாய்விட்டுக் கேட்டான்.

இனி குச்சிக்கு வருகிறேன். எங்கள் நிழல் 15.9 சென்டிமீட்டர். அதை வைத்துக் கணக்கிட்டால் பூமியின் சுற்றளவு 39,300 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட இருந்தேன். பகிர்வுக் கோப்பில் பின்லாந்து மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: உங்கள் ஒரு மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது?

கேள்வி புரியாமல், சரி என்று பதில் எழுதிவிடப் பார்த்தேன். புரியாததற்கும் 'சரி மேடம்' சொல்லிப் பழகியவர்கள் நாம். எங்கள் குழுவில் பதிவேடு எழுதும் மாணவி தடுத்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. ஆங்கிலம் பேச வேண்டியிருக்கும் என்று பயந்து முதலில் இதில் சேரவே மறுத்தவள். மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்பே மைதானத்துக்குப் போய்க் குச்சியைப் பிடுங்கியிருக்கிறாள். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் ஒட்டியிருந்தது. ஒரு மீட்டர் குச்சியை நட்டோம். தரைக்கு மேலே நின்றது 90 சென்டிமீட்டர்தான். பதிலைத் தமிழில் எழுதி, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் போராடி ஆங்கிலத்தில் மாற்றினாள்: தவறு எங்களுடையது, குச்சியில் 10 செ.மீ. மண்ணுக்குள் இருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது சுற்றளவு ஏறத்தாழ 40,090 கிலோமீட்டர் வந்தது. துருவங்களின் வழியே உண்மையான அளவு 40,008.

1999இல் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் தொலைந்ததும் இந்த வகைத் தவறால்தான். ஒரு குழு பவுண்டு அலகில் கொடுத்த எண்களை இன்னொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இதைச் சொன்னபோது அந்த மாணவி முதல்முறையாக வகுப்பில் சிரித்தாள்.

பன்னாட்டுக் குழு என்றால் சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு மட்டும்தான் என்று நானும் எண்ணியிருந்தேன். எங்கள் வேலையில் பேச்சு மாதம் இரண்டு முறை, அரைமணி நேரம். மற்றதெல்லாம் எழுத்து. எழுத்தில் யோசிக்க நேரம் கிடைக்கிறது, அழித்துத் திருத்தலாம், யாரும் பார்த்துச் சிரிப்பதில்லை. ஆனால் பின்லாந்துக்காரர்கள் எழுதுவது மிகச் சுருக்கம். 'வியாழன் முடியாது' என்று மட்டும் வரும். கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்கு அது சாதாரணம். நாமோ நலம் விசாரித்து நாலு வரி கழித்துத்தான் விஷயத்துக்கு வருவோம். அவர்களுக்கு விஷயம் எங்கே என்று தேட வேண்டியிருந்ததாம்.

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் முதலில் வாங்கிவிடுங்கள். மாணவர்களின் கைப்பேசி எண்ணும் முகம் தெரியும் படங்களும் வெளியே போக வேண்டாம். நாங்கள் குச்சியையும் நிழலையும்தான் படம் எடுத்தோம். ஒரே பருவத்தில் முடிகிற வேலையாக இருக்கட்டும். தேர்வுக் காலமும் விடுமுறையும் மூன்று நாட்டிலும் ஒத்துவராது. அந்தப் பட்டியலைத்தான் முதல் கூட்டத்தில் பகிர வேண்டும். நாங்கள் அதைக் கடைசியில் பகிர்ந்தோம்.

செப்டம்பர் 23 அன்று மீண்டும் அளக்கிறோம். இம்முறை குச்சியை நடப்போவதில்லை; பலகையில் ஆணியடித்து நிறுத்திவிட்டோம். எங்கள் ஊர் நண்பகல் அன்று 12.10க்கே வந்துவிடும். மார்ச்சில் 12.25 ஆக இருந்தது ஏன் கால் மணி நேரம் முன்னே வந்தது என்று அந்த மாணவி கோப்பில் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். ஆங்கிலத்தில், மூன்று நாட்டு நேரத்தையும் போட்டு. நைரோபியிலிருந்தோ ஹெல்சிங்கியிலிருந்தோ இன்னும் பதில் வரவில்லை.