பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்க! பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு இன்னும் உயிர் இருக்கு

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளில் பரணைத் துழாவிப் பாருங்கள். கிழிந்த ஜக்கார்டு அட்டைகளோடு ஒரு கறுப்புப் பெட்டியும் கிடைக்கலாம். பிள்ளை பிளஸ்-2 படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்!

2011 செப்டம்பர் 15-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம் அது. அன்றைக்கு அண்ணா பிறந்த நாள். அண்ணா பிறந்த ஊர் எது என்று காஞ்சீபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வந்த லேப்டாப்புகளுக்கு இப்போது 10 வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

"ஆன் ஆகலை" என்றால் செத்துப்போச்சு என்று அர்த்தமா? கிடையவே கிடையாது.

தூசிதான் வில்லன்

தறி வீட்டில் நூல் பிசிறுக்குப் பஞ்சமா? அதுவும் தூசியும் உள்ளே இருக்கும் குட்டி விசிறியில் போய் அடைத்துக்கொள்ளும். சூடு வெளியேற வழி இல்லை. லேப்டாப் கொதித்துப்போய்த் தானே அணைந்துவிடும். பெட்டியைக் கழற்றி பிரஷ் போட்டுத் தட்ட வேண்டும். பிராசசர் மேல் காய்ந்து கிடக்கும் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதுசு தடவ வேண்டும். பாதி வியாதி போச்சு!

ஒவ்வொரு முறை போட்டதும் தேதி பழைய வருஷத்தைக் காட்டுதா? உள்ளே காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் இன்டர்நெட்டும் மக்கர் பண்ணும். 3 வோல்ட் பேட்டரி, பெரும்பாலும் சி.ஆர். 2032. சின்ன செலவுதான்.

பெரிய பேட்டரி போய்விட்டதா? பழைய மாடல்களில் அடிப்பக்கம் அதைக் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டலாம். கரண்ட் போனால் அணையும், அவ்வளவுதான். பேட்டரி அப்பளம் போல் உப்பியிருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். குத்தினால் தீப்பிடிக்கும்.

"டிக்... டிக்..."

இந்தச் சத்தம் கேட்டால்தான் உஷாராக வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதன்மேல் முடி அளவுகூட இடைவெளி இல்லாமல் ஒரு முள் மிதக்கும். அது தடுமாறும்போது வருவதுதான் "டிக் டிக்". திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்த்தால் கதை கந்தல்! உடனே நிறுத்திவிட்டு, முதல் வேலையாக உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ரிப்பேர் எல்லாம் அப்புறம்.

பெட்டி போனால் போகட்டும். பார்டர், புட்டா, முந்தானை என்று மாசக்கணக்கில் போட்டு வைத்த டிசைன் போனால்? மகள் கல்யாண போட்டோ போனால்?

பழைய டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. போடலாம். முதலில் வந்தவற்றில் ராம் 2 ஜி.பி.தான். அதை 4 ஆக்கினால் கிழட்டு லேப்டாப் குமரியாகிவிடும்! ஒரே மாடல் ஏராளமாக வந்ததால் ஒன்றின் கீபோர்டு, திரை இன்னொன்றுக்குப் பொருந்தும். இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

ஆனால் ஒன்று. அதில் இருந்த விண்டோஸ்-7க்கு 2020 ஜனவரி 14-ந் தேதியோடு பாதுகாப்பு நின்றுவிட்டது. அதில் பாங்கி வேலை பார்ப்பது ஆபத்து. டிசைன் போட மட்டும் என்றால் இன்டர்நெட் இணைப்பே கொடுக்காமல் ஓட்டலாம். பிள்ளைகள் படிக்க என்றால் லினக்ஸ் போடலாம், காசு கிடையாது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அன்றைக்கே அந்த லேப்டாப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

மதர்போர்டே எரிந்துவிட்டால் செலவு தாங்காது. அப்போது எடைக்குப் போடலாம். போடும் முன் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து ஸ்குரூ வேலைதான்.