காஞ்சிச் சாயமும் அறிவியலும்: அறிவு உருவாகும் நெறி

அறிவியல் உண்மைகள் ஆய்வுக்கூடத்திற் பிறந்து, பின்னரே மக்களிடம் வந்து சேர்கின்றன என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. ஆய்வாளர் கொடுப்பவர், சமுதாயம் கொள்வது என்பதே அதன் சாரம். இக்கருத்துப் பாதி உண்மையே. ஆய்வுக்குரிய வினாவை எழுப்புவதும், அதற்கு வேண்டிய பட்டறிவை நல்குவதும், முடிவின் பயனையும் தீங்கையும் தாங்குவதும் சமுதாயமே. இதனைப் பெரிய காஞ்சிபுரத்து நெசவோடு தொடர்புடைய சாயத்தின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

காஞ்சி நீரில் தோய்வதனாலேயே பட்டு ஒளி பெறுகிறது என்பது அவ்வூரில் நெடுநாளாக வழங்கும் கூற்று. இதனை வெறும் ஊர்ப்பெருமை எனத் தள்ளுவாரும் உளர். ஆராயாது ஏற்பாரும் உளர். இரண்டும் முறையாகா. எந்த இழை, எந்தச் சாயம், எந்த நீர் எனப் பகுத்து வினவுதல் வேண்டும்.

பண்டு சோழமண்டலக் கரையில் பருத்தி ஆடைக்குச் சிவப்பு ஏற்றியது சாயவேர். கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய துணியை அவ்வேரின் சாற்றில் காய்ச்சுவர். வேரிலுள்ள அலிசரின் என்னும் பொருள், படிகாரத்தின் அலுமினியத்தோடும் நீரிலுள்ள கால்சியத்தோடும் கூடியே நிலைத்த சிவப்பாகிறது. ஆதலின், சாயத்திற்கேற்ற நீரைத் தேர்ந்துகொள்ளுதல் சாயக்காரரின் தொழில் நுட்பங்களுள் ஒன்றாயிற்று. பட்டின் இயல்போ வேறு. கச்சாப் பட்டின் மேலுள்ள பசையைச் சோப்பு நீரில் காய்ச்சி நீக்கும்பொழுது, அதே கால்சியம் சோப்போடு சேர்ந்து படிவாகி இழையின் ஒளியை மழுக்கும். ஓரிடத்தில் துணையாவது மற்றோரிடத்தில் பகையாகிறது. எனவே, 'நல்ல நீர்' எது என்னும் வினாவிற்குத் தொழிலின் சூழலை விட்டு விடை கூற இயலாது. நீரை வகைப்படுத்திக் காட்டுபவர் வேதியியலார். அவ்வகைப்பாட்டிற்குப் பொருள் தருபவர் சாயக்காரர்.

ஐரோப்பியர் இந்தியச் சாயங்களின் உறுதியைக் கண்டு வியந்தனர். வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை 1767-இல் எடுத்துரைத்தவராக மொழிநூலார் அறிந்த கூர்தூ பாதிரியார், 1742-இல் சோழமண்டலத்துச் சாயமுறையைத் தொழிலாளர் வாய்க் கேட்டுக் கடிதமாக எழுதினார். எழுத்தில் ஏறிய அவ்வறிவு பிரான்சில் அச்சாகிப் பலர்க்கும் பொதுவாயிற்று. கூறிய தொழிலாளர் பெயர்களோ வரலாற்றில் நிற்கவில்லை.

ஐரோப்பாவிலும் சிவப்புத் தரும் மஞ்சிட்டி இனத்து வேர் ஒன்று பயிராயிற்று. அவ்வேரிலிருந்து ரோபிக்கே, கொலென் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1826-இல் அலிசரினைப் பிரித்தெடுத்தனர். 1868-இல் செருமானிய அறிஞர்களாகிய கிரேபே, லீபர்மன் ஆகியோர் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த இச்சாயம் மலிவானது, ஒரே தரத்தது. ஆதலின் அங்கே வேர் விளைந்த வயல்களும், இங்கே சாயவேர் அகழ்ந்தார் பிழைப்பும் ஒருங்கே சரிந்தன. செயற்கைச் சாயங்கள் பின்னர்க் காஞ்சிப் பட்டிலும் இடம்பெற்றன. ஆய்வு வென்றது என்று இவ்வரலாற்றை இங்கேயே முடித்தல் எளிது. ஆயினும் அது முடியவில்லை.

1895-இல் பிராங்க்பர்ட்டு நகர அறுவை மருத்துவர் இலுத்விக் ரேன், சாயத் தொழிற்சாலையில் பணிபுரிந்த மூவரிடம் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டு வெளியிட்டார். ஆய்வுக்கூடம் அறியாதிருந்த செய்தியைத் தொழிலாளரின் உடலே அறிவித்தது. பிந்திய ஆய்வுகள், சாயத்தொழிலில் வழங்கிய நறுமண அமீன்கள் சில புற்றை விளைப்பன என்பதை உறுதிசெய்தன. அத்தகைய அமீன்களை வெளிவிடும் அசோச் சாயங்களைத் தோலில் படும் பொருள்களில் பயன்படுத்தலாகாதெனச் செருமனி 1994-இல் விதித்தது. இந்திய அரசும் 1997-இல் அவ்வகைச் சாயங்கள் பலவற்றைத் தடைசெய்தது. முதற் சான்றுக்கும் செருமானிய விதிக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது. மேலும், அவ்விதி முதன்மையாக அணிவோரின் தோலைக் கருதிப் பிறந்தது; சாயம் தோய்ப்போரின் கையைக் கருதியன்று. எவ்வினாவை முதலில் வினவுவது என்பதை உண்மை ஒன்றே முடிவு செய்வதில்லை. யாருடைய குரல் கேட்கிறது என்பதும் முடிவு செய்கிறது.

இங்கே தமிழாய்வாளர்க்கும் கடமை உண்டு. பாவு, ஊடை, கோர்வை, முந்தி முதலிய சொற்கள் வெறும் பெயர்கள் அல்ல, செயலறிவின் கொள்கலங்கள். 'மயில்கழுத்து' என்பது ஒரு தனிச் சாயத்தின் பெயரன்று. பாவு ஒரு நிறமும் ஊடை மற்றொரு நிறமுமாக நெய்து, ஒளி படுந்தோறும் மாறித் தோன்றச் செய்யும் முறை அச்சொல்லில் அடங்கியுள்ளது. ஒரு நிறச் சாயக் கலத்தை மட்டும் ஆயும் வேதியியலார்க்கு இது புலனாகாது. நெய்வாரைக் கேட்டாலன்றிச் சொல் நூலார்க்கும் விளங்காது.

ஆகவே பட்டமேற்படிப்பு மாணவர், பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களுக்குச் சென்று சொற்களைத் தொகுக்கும்பொழுது, பொருளோடு செய்முறையையும், பயன்படும் நீரையும், கைக்கும் மூச்சுக்கும் நேரும் தொல்லையையும் ஒருங்கே குறித்தல் வேண்டும். சொன்னவர் இசைவு பெற்று அவர் பெயரையும் பொறித்தல் வேண்டும். கூர்தூ காலத்தில் நேர்ந்த குறை அப்பொழுதே நீங்கும். அடுத்த வினாவை எழுப்பும் உரிமையும் தொழில் செய்வார்க்குக் கிட்டும்.