மரபணுவைத் தேட நிரல் மட்டும் போதாதா?

மரபணுத்தொகுதி என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் கோத்த நீண்ட சரம். அதில் மரபணுவின் புரதக் குறியீடு தொடங்கும் ஏடிஜி குறியையும், முடியும் டிஏஏ, டிஏஜி, டிஜிஏ குறிகளையும் கணினி அறிவியல் மாணவர் எழுதும் சிறு நிரலே நொடியில் தேடித் தரும்.

சிக்கல் எங்கே? இடையில் வரும், புரதக் குறியீட்டில் சேராத இன்ட்ரான் என்ற பகுதி பெரும்பாலும் ஜிடி-யில் தொடங்கி ஏஜி-யில் முடியும். ஆனால் இந்த ஈரெழுத்துகள் தற்செயலாகவும் எங்கும் கிடக்கும். எது நிஜம்? ஆர்என்ஏ தரவையும் உறவுள்ள இனத்தின் புரதத்தையும் ஒப்பிட்டுச் சொல்ல உயிரியல் தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவான கல்லூரிக் கூட்டமைப்பு இதையே பாடமாக்கியது. பழ ஈ இனங்களின் ஒரு குரோமோசோமை ஒப்பிட்டு 2015-இல் அது வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள்!