உறுப்புகள் ஒன்றிய கருவி: ஒரு மின்கித்தாரின் ஆக்கம்

முன்னுரை

ஒரு கருவியை அதன் உறுப்புகளால் அறிவது தமிழ் மரபு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, யாழின் இனிமையை மட்டும் கூறி அமையவில்லை. பத்தல், போர்வைத் தோல், ஆணி, கோடு, திவவு, நரம்பு என ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து உவமை கூறுகிறது. செய்வோர் அருகிலிருந்து பார்த்த கண்ணே இவ்வாறு பாட இயலும். அந்த நோக்கில், இக்காலக் கருவியாகிய மின்கித்தாரை ஒருவர் தம் கையால் எவ்வாறு ஆக்கினார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. கருவியின் ஆக்கமும் அதில் அடங்கிய அறிவுமே இங்குப் பொருள்.

பெயரும் அளவும்

அரபு நாட்டுத் தந்திக் கருவி 'ஊது' எனப்படும். மரம் அல்லது கட்டை என்பது அச்சொல்லின் பொருள். அகிற்கட்டைக்கும் அரபியில் இதுவே பெயர். 'அல் ஊது' என்பதே ஐரோப்பாவில் 'லூட்' எனத் திரிந்தது. தந்தியை எவ்விடத்தில் அழுத்தினால் எச்சுரம் பிறக்கும் என்பதை, கி.பி. 950இல் மறைந்த அல்ஃபாராபி தம் இசைப் பெருநூலில் ஊதினைக் கொண்டே ஆராய்ந்தார். மரம் ஒலியைத் தாங்குகிறது. அளவு ஒலியைச் சுரமாக்குகிறது. இவ்விரண்டும் கித்தாருக்கும் பொருந்தும்.

மின்கித்தாரின் உறுப்புகள்

நம் வீணைக் கலைஞர் வழங்கும் சொற்களே இங்கும் உதவுகின்றன. உடற்கட்டை, கழுத்து, கழுத்தின் மேல் வரிசையாகப் பதிந்த மெட்டுகள், ஆறு எஃகுத் தந்திகள், அவற்றை முறுக்கும் பிரடைகள், இருமுனையிலும் தாங்கும் மேரு, குதிரை ஆகியன அதன் உறுப்புகள். வீணையில் இல்லாத ஓர் உறுப்பும் உண்டு. அதுவே 'பிக்கப்' எனப்படும் காந்தச் சுருள்.

காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றத்தால் சுருளில் மின்னோட்டம் தோன்றுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. அம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கியில் செலுத்தினால் இசை எழுகிறது. நைலான் தந்தி கட்டினால் இச்சுருள் ஊமையாகிவிடும்.

தந்தையும் மகனும்

1963ஆம் ஆண்டு, லண்டனை அடுத்த ஃபெல்த்தம் என்னும் ஊரில், பதினாறு வயது மாணவர் ஒருவர் மின்கித்தார் வேண்டும் என விரும்பினார். விலை கொடுத்து வாங்க வசதியில்லை. அவர் தந்தை ஹெரால்ட் மே மின்னணுப் பயிற்சி உடையவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையும் தாமே செய்தவர். "வாங்க இயலாது" என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. மகனோடு பட்டறையில் அமர்ந்தார். அம்மாணவரே பின்னாளில் 'குவீன்' இசைக்குழுவில் புகழ்பெற்ற பிரையன் மே. ஏறத்தாழ ஈராண்டு உழைப்பில் உருவான அக்கருவி 'ரெட் ஸ்பெஷல்' எனப் பெயர் பெற்றது.

பிறர் எறியவிருந்த பழைய கணப்படுப்பின் மேற்சட்டமே கழுத்தாயிற்று. அம்மரத்தில் புழு அரித்த துளைகளைத் தீக்குச்சி கொண்டு அடைத்தனர். உடலின் நடுப்பகுதிக்குப் பழைய மேசையின் ஓக் மரம் பயன்பட்டது. மெட்டுகளின் இடங்காட்டும் வெண்புள்ளிகள், அன்னையின் தையற்பெட்டியில் கிடைத்த சிப்பிப் பொத்தான்கள். சுரத்தை அசைக்கும் கைப்பிடியின் நுனியில் அன்னையின் பின்னல் ஊசித் துண்டு அமைந்தது. தந்திகளின் இழுவிசைக்கு எதிர்நின்று சமன்செய்யப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் இரண்டு உதவின. அவ்வமைப்பு முழுவதும் கத்திமுனை போன்ற எஃகு விளிம்பின்மேல் ஊசலாடும். உராய்வு குறைந்தால்தான், கைப்பிடியை விட்டதும் தந்தி பழைய சுருதிக்கு மீளும்.

கணக்கின் கண்டிப்பு

குப்பையில் கிடைத்ததை மரமாகக் கொள்ளலாம்; மெட்டின் இடத்தை மனம்போன போக்கில் கொள்ளல் இயலாது. அக்கித்தாரில் அதிரும் தந்தியின் நீளம் 24 அங்குலம். அதனை 17.817ஆல் வகுத்தால், மேருவிலிருந்து முதல் மெட்டின் தொலைவு 1.347 அங்குலம் எனக் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 12 அங்குலத்தில் அமையும். அங்கே அதிர்வெண் இருமடங்காகும். 110 என அதிரும் தந்தி அங்கே 220 என அதிரும். இருபத்து நான்காம் மெட்டு 18 அங்குலத்தில் விழும். இவ்வளவில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தாலும் பழகிய காது கண்டுகொள்ளும்.

எல்லாம் முதன்முறையே கைகூடிவிடவில்லை. பிரையன் மே தாமே சுற்றிய காந்தச் சுருள்கள், தந்தியைப் பக்கவாட்டில் வளைத்தபோது வேண்டாத ஒலி எழுப்பின. எனவே கடையில் விற்ற பர்ன்ஸ் நிறுவனச் சுருள்கள் மூன்றை வாங்கிப் பொருத்தினார். தானே செய்யத்தக்கது எது, பிறர் செய்ததை ஏற்கத்தக்கது எது எனப் பகுத்தறிவதும் கைத்தொழிலின் ஒரு பாடமே.

முடிவுரை

இவ்வரலாற்றில் ஒரு வருத்தமும் உண்டு. இம்பீரியல் கல்லூரியில் வானியல் ஆய்வு செய்துகொண்டிருந்த மகன் அதனை இடையில் நிறுத்தி இசைக்குச் சென்றபோது, கருவி செய்யத் துணைநின்ற தந்தையே மனம் நொந்தார். மகன் அவ்வாய்வை மீண்டும் எடுத்து முடித்து முனைவர் பட்டம் பெற்றது 2007இல், தம் அறுபதாம் வயதில். அதனைக் காணத் தந்தை இல்லை; அவர் 1988இல் மறைந்திருந்தார். பாதியில் விட்டதை மீண்டும் எடுத்து முடிக்கும் அப்பண்பு அந்தப் பட்டறையில் முளைத்தது எனக் கருத இடமுண்டு.

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கியதையும், கவசத்தின் கண்ணிகளை அளவறிந்து கோக்கப் பணித்ததையும் திருக்குர்ஆன் (34:10-11) கூறுகிறது. இறைத்தூதரே கையால் உழைத்த வழியில் வந்த நாம், பட்டம் பெற்ற பிள்ளை அரமும் உளியும் ஏந்துவதை இழிவாகக் கருதலாமா? பிள்ளை ஒரு பொருளைக் கேட்கும்போது "பணம் இல்லை" என்று மறுப்பதும் எளிது. பணம் இருப்பின் வாங்கித் தந்து விலகிவிடுவதும் எளிது. அருகில் அமர்ந்து அளந்து, அறுத்து, பிழைத்து, திருத்தக் கற்றுத் தருவதே அரிது. அப்பொருள் கித்தாராக இருக்க வேண்டுவதில்லை. மேசையோ வானொலியோ எதுவாயினும் ஆகுக. அவ்வாறு கற்ற பிள்ளை, பொருளோடு தந்தையின் காலத்தையும் பெற்றவனாவான்.