மென்படல வண்ணப்பிரிகை: நூல் தேட்டமும் பெயர் வேறுபாடும்

தேனி மாவட்டத்து ஜெயமங்கலத்திற்கு அண்மையிலுள்ள வடுகபட்டி, வெள்ளைப்பூண்டுச் சந்தையாற் பெயர் பெற்ற ஊர். மலைப்பூண்டின் வேதிப்பொருள்களை ஆராயப் புகுந்த ஜெயமங்கலத்து மாணவர் ஒருவர், மென்படல வண்ணப்பிரிகை பற்றி அறிஞர் எழுதியவற்றைத் திரட்டி, தமிழ்ச் சொற்களைத் திருத்தித் தருமாறு எம்மிடம் வந்தார். அத்திரட்டு 1956-இல் தொடங்கியது. அதற்குமுன் இம்முறை இல்லை என்றும் எழுதியிருந்தார். யாமும் முதலில் ஐயுறாது படித்துச் சென்றோம்.

கண்ணாடித் தகட்டின்மேல் சிலிக்கா அல்லது அலுமினாப் பொடியை மெல்லிய படலமாகப் பூசி, அடியில் சாற்றை ஒரு புள்ளியாக இட்டு, தகட்டின் அடிவிளிம்பைக் கரைப்பானில் நிறுத்துவர். கரைப்பான் மேலேறுங்கால் பொடியைப் பற்றி நிற்கும் பொருள் பின்தங்கும். கரைப்பானோடு இயைவது முந்தும். இதுவே முறை.

1956-இல் செருமானிய அறிஞர் எகான் ஸ்டால் இதற்கு மென்படலத்தாற் பெயரிட்டார். பின்னர் இது உலகெங்கும் பரவியது. ஆயின் 1938-இலேயே கார்கோவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்னும் இருவர் மூலிகைச் சாறுகளை அலுமினாப் படலத்தின்மேற் பிரித்தனர். கரைப்பானையும் சொட்டாகவே விட்டமையின் அவர்க்கு வட்டங்கள் தோன்றின. அவர் இட்ட பெயரும் சொட்டினை ஒட்டியது. 1951-இல் அமெரிக்கரான கிர்ச்னரும் துணைவரும் டெர்பீன்களை ஒடுங்கிய கண்ணாடிப் பட்டைகளிற் பிரித்தனர்; அவர் இட்ட பெயர் பட்டையால் வந்தது. படலம் என்னும் சொல்லை மட்டுமே பற்றித் தேடுவார்க்கு இவ்விரண்டும் அகப்படா. ஒரு புலவரைப் பிற்காலப் பெயரால் மட்டும் தேடிப் பழைய ஏடுகளைத் தவறவிடுவதும் இத்தகையதே.

பொருள்களைத் தேடுவார்க்கு இவ்விடர் குறைவு. 1907-இல் தோன்றிய 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்னும் சுருக்கத் திரட்டினர் 1965 முதல் பொருள்களுக்குப் பதிவெண் தந்து வருகின்றனர். பூண்டை நசுக்குங்காற் பிறக்கும் அல்லிசினின் எண் 539-86-6. எம்மொழியில் எழுதினும் அது மாறாது. முறைகளுக்கோ இத்தகைய எண் இல்லை. ஆகவே பெயரின் வரலாற்றை அறியாதார் முறையின் வரலாற்றையும் அறியார்.

தமிழில் இடர் பெருகுகின்றது. வண்ணப்பிரிகை என்பாரும் நிறச்சாரல் பிரிகை என்பாரும் குரோமட்டோகிராபி என்றே எழுதுவாரும் உளர். உருசிய அறிஞர் ட்ஸ்வெட் இலைகளின் நிறப்பொருள்களைப் பிரித்து 1906-இல் கிரேக்கச் சொற்களால் இட்ட பெயருக்கு 'நிற எழுத்து' என்பதே பொருள். உருசிய மொழியில் அவர்தம் பெயரும் நிறத்தையே குறிக்கும் என்பது சுவையானது. பொருள்கள் பிரிவது நிறத்தால் அன்று, நிறமற்றனவும் பிரியும். ஆதலின் 'படலப் பிரிகை' என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் நாலாம் பெயர் ஒன்றைப் புகுத்தித் தேடுவார் சுமையைக் கூட்ட யாம் துணியவில்லை.

மாணவர்க்கு யாம் கூறியது இதுவே: வழங்கும் பெயர்கள் அனைத்தையும் தனித்தனியே இட்டுத் தேடுக, கிடைத்த கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பற்றிப் பின்னோக்கிச் செல்க. அவர் ஸ்டால் எழுதியவற்றிலிருந்து பின்சென்று கிர்ச்னரின் கட்டுரையைக் கண்டெடுத்தார். திரட்டின் முதற்பக்கத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுகின்றார்.