ஆங்கரேஜின் வெயிலும் ஆட்டக்காரரின் கடிகாரமும்

விதிப்புத்தகத்தில் இருந்த ஒரு விலக்கு, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்துக்கு நாற்பது ஆண்டுகள் ஒரு கூடைப்பந்துத் திருவிழாவைத் தந்தது. அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஒரு பருவத்தில் ஆடக்கூடிய ஆட்டங்களுக்கு வரம்பு உண்டு. ஆனால் அடுத்தடுத்து ஒட்டிக் கிடக்கும் 48 மாநிலங்களுக்கு வெளியே போய் ஆடினால் அது அப்போது கணக்கில் சேரவில்லை. அலாஸ்கா பல்கலைக்கழக ஆங்கரேஜ் வளாகத்தின் பயிற்சியாளர் பாப் ராச்சல் இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, பெரிய கல்லூரிகளைத் தன் ஊருக்கே வரவழைத்தார். 1978இல் 'சீ வுல்ஃப் கிளாசிக்' என்ற பெயரில், ஒரு ராணுவத் தளத்தின் கூடத்தில் முதல் போட்டி நடந்தது. நார்த் கரோலினா ஸ்டேட் அணி வென்றது. பின்னர் 'கிரேட் அலாஸ்கா ஷூட்அவுட்' என்று பெயர் மாறியது. நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் விடுமுறையை ஒட்டி, டியூக், கென்டக்கி போன்ற பெரும் அணிகளெல்லாம் அங்கே வந்து ஆடியிருக்கின்றன.

விருந்தோம்பிய அணி இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. வந்தவர்கள் முதல் பிரிவினர். உயரத்திலும் திறமையிலும் இருந்த வித்தியாசத்தை உள்ளூர்க் கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் ஈடுகட்டிவிடாது. ஆனால் கிழக்குக் கரையிலிருந்து வந்த ஒவ்வொரு ஆட்டக்காரரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுமையையும் கூடவே கொண்டுவந்தார்: நான்கு மணி நேரம் முந்தி ஓடும் உடல்.

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடேற வேண்டும் என்பதையெல்லாம் நிர்ணயிப்பது அதுதான். உடல் வெப்பம் மாலையில் உச்சம் தொடும், விடிவதற்கு முன் மிகவும் தணிந்திருக்கும். வித்தியாசம் ஒரு டிகிரி அளவில்தான். ஆனால் தசையின் வேகமும் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் விதமும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஆங்கரேஜில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், கிழக்குக் கரைக்காரரின் உடலுக்கு நள்ளிரவு ஆட்டம். கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ எறிய நிற்கும்போது அவர் உடலில் மணி இரண்டு.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் 25 பருவங்களின் திங்கள் இரவு ஆட்டங்களை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அலசி 1997இல் முடிவை வெளியிட்டார்கள். கிழக்குக் கரை அணிகளை எதிர்த்து ஆடிய மேற்குக் கரை அணிகளே அதிகம் வென்றிருந்தன. அங்கே வித்தியாசம் மூன்று மணி நேரம்தான்.

சில நாள் முன்னதாக வந்து பழகிக்கொள்ளலாமே என்று தோன்றும். உடல் கடிகாரத்தைத் திருத்துவதில் ஒளிக்கு நிகர் வேறில்லை. விழித்திரையில் சில உயிரணுக்கள் பார்ப்பதைவிட, வெளிச்சத்தின் அளவை, குறிப்பாக நீல ஒளியை, மூளைக்குச் சொல்வதையே முதல் வேலையாகச் செய்கின்றன. ஆனால் எந்த வேளையில் ஒளி படுகிறது என்பதே எல்லாம். உடலின் அந்தியிலும் முன்னிரவிலும் பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகும், உடலின் விடியலில் பட்டால் முன்னுக்கு வரும். நடுப்பகலில் பட்டால் அதிகம் அசையாது.

இப்போது ஆங்கரேஜைப் பாருங்கள். வட அட்சம் 61 பாகையில் இருக்கும் அந்த ஊரில் நவம்பர் கடைசியில் சூரியன் காலை ஒன்பதரை மணிவாக்கில் எழுந்து மாலை நான்கு மணிவாக்கில் விழுந்துவிடும். கிழக்குக் கரை நேரத்தில் அது பிற்பகல் ஒன்றரை முதல் இரவு எட்டு வரை. மேற்கே வந்தவரின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள மிகவும் வேண்டியது அதற்குப் பிந்தைய ஒளி. அந்த ஒளி வேண்டிய நேரத்தில் சூரியன் கிளம்பிவிடுகிறது! கடிகாரம் பெரிதாகக் காதுகொடுக்காத பொழுதின் மேல்தான் அந்தக் கஞ்சத்தனமான வெயில் முக்கால்வாசியும் செலவாகிறது. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த அணிகளுக்கு உதவியிருக்கக்கூடியது, தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகப் பளீரென்று ஏற்றிய அரங்க விளக்குகள்தான். ஆட்டமே அவர்களுக்கு மருந்துமாயிற்று.

உள்ளூர்க்காரருக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. 1983இல் அலாஸ்காவின் நான்கு நேர மண்டலங்களை இரண்டாகச் சுருக்கியதால், ஆங்கரேஜின் சுவர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. காலை எட்டு மணி வகுப்புக்கு மாணவர்கள் கும்மிருட்டில் நடக்கிறார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் ஊரே கூடி உட்கார வெளிச்சமும் வெதுவெதுப்புமான ஓர் அரங்கம் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம்!

விதிகள் தளர்ந்தன. எங்கே வேண்டுமானாலும் இப்படிப்பட்ட போட்டி நடத்தலாம் என்றானதும் பெரிய கல்லூரிகள் வெப்பமான தீவுகளைத் தேடிப் போயின. ஆடவர் போட்டி 2017 நவம்பரோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில்தான் உடல் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்டது. உயிரணுவுக்குள் ஒரு புரதம் சேர்ந்து சேர்ந்து, தன்னை உருவாக்கும் மரபணுவையே நிறுத்துகிறது. பின் கரைந்து, மீண்டும் சேரத் தொடங்குகிறது. ஒரு சுற்று, ஏறக்குறைய ஒரு நாள்.

ஏறக்குறைய என்பது முக்கியம். மனிதரில் அந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைச் சில நிமிடங்கள் தாண்டுகிறது. அதனால் நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது கடினம். மேற்கே ஆங்கரேஜுக்கு வந்ததைவிட, ஆடி முடித்துக் கிழக்கே வீடு திரும்பும் பயணமே உடலைப் பாடாய்ப் படுத்தும். திங்கட்கிழமை வகுப்பு வேறு இருக்கும்.