கீலை மடக்கினால் கடலே வாசலுக்கு வரும்: டிரெய்லரில் போகும் பாய்மரப் படகின் கதை

[எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.]

இன்னைக்கு ஒரு காட்சியோட ஆரம்பிக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவுல ஃபுளோரிடா. ஆபீஸ் முடிச்சு வந்த ஒருத்தர், வீட்டு வாசல்ல நிக்கிற டிரெய்லரை வண்டிக்குப் பின்னாடி மாட்டுறார். டிரெய்லர் மேல ஒரு பாய்மரப் படகு. உள்ளே நாலு பேர் நெருக்கியடிச்சுப் படுக்க இடம் இருக்கு. மறுநாள் மதியம் அந்தப் படகு, இடுப்பளவு தண்ணியில நங்கூரம் போட்டு நிக்குது. ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பவும் வீட்டு வாசல்.

"பாய்மரப் படகா? அது கோடீஸ்வரங்க சமாச்சாரமாச்சே"ன்னு நமக்குத் தோணும். பெரிய படகுக்கு அது உண்மைதான். படகை வாங்குறதோட செலவு முடியாது. அதை நிறுத்தி வைக்க ஒரு இடம் வேணும், மாசா மாசம் வாடகை கட்டணும், தண்ணியிலயே கிடக்கிறதால அடிப்பாகத்தை அடிக்கடி சுரண்டிப் பெயின்ட் அடிக்கணும். இந்தச் செலவையெல்லாம் ஒரே ஒரு பாகம் பெருமளவு குறைச்சுது. அதுதான் மடங்குற கீல். ஆனா அதுக்கு ஒரு விலையும் இருக்கு. இன்னைக்கு அந்த ரெண்டையும் பார்ப்போம்.

கீல் எதுக்கு?

பாய்மரப் படகோட அடியில, தண்ணிக்குள்ள மீன் துடுப்பு மாதிரி ஒண்ணு இறங்கியிருக்கும். அதுதான் கீல். அதுக்கு ரெண்டு வேலை.

முதல் வேலை, படகு பக்கவாட்டுல நழுவாம பிடிச்சு வைக்கிறது. காத்து பக்கத்துல இருந்து பாயைத் தள்ளும்போது, படகும் அந்தப் பக்கமே போகப் பார்க்கும். தண்ணிக்குள்ள இருக்கிற கீல் அதைத் தடுக்குது. அதனாலதான் படகால முன்னாடி போக முடியுது. காத்தடிக்கிற திசையை நோக்கிக்கூட, நேரா இல்லாட்டியும் சாய்வா வளைஞ்சு வளைஞ்சு ஏற முடியுது.

ரெண்டாவது வேலை, எடை. கீழே கனமா ஒண்ணு தொங்கினா, காத்து சாய்ச்சாலும் படகு நிமிர்ந்துக்கும். நம்ம தலையாட்டி பொம்மை மாதிரி.

ரெண்டு வேலைக்கும் கீல் ஆழமா இறங்கினாத்தான் நல்லது. பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்குது. கீல் ஆழமா இருந்தா ஆழமில்லாத தண்ணியில தரை தட்டும். டிரெய்லர்ல ஏத்தினா படகு ஒட்டகம் மாதிரி உசரத்துல உக்காந்திருக்கும்.

அப்போ கீலை மடக்கிட்டா? சைக்கிள் ஸ்டாண்டை நினைச்சுக்கோங்க. ஒரு முனையில அச்சாணி. தேவைப்படும்போது கீழே இறக்கலாம், வேண்டாம்னா பின்பக்கமா மேலே தூக்கிக்கலாம். கீலோட பின்பகுதியில ஒரு கம்பி வடம் கட்டியிருக்கும். அதைப் படகுக்கு உள்ளே இருக்கிற ஒரு கைவின்ச்சால சுத்தித் தூக்குறாங்க. அவ்வளவுதான் விஷயம்.

ரோடு வடிவமைச்ச படகு

இந்த வகையில ரொம்பப் பிரபலமானது கேட்டலினா 22. கலிஃபோர்னியாவுல ஃபிராங்க் பட்லர் 1969 வாக்குல கொண்டு வந்த படகு. இதுவரைக்கும் 15,000-க்கும் மேல கட்டியிருக்காங்க. பாய்மரப் படகு உலகத்துல அது ரொம்பப் பெரிய எண்ணிக்கை.

அதோட அளவுகளைப் பாருங்க. நீளம் 21 அடி 6 அங்குலம். அகலம் 7 அடி 8 அங்குலம். அது என்ன 7 அடி 8 அங்குலம்? அந்தக் காலத்துல அமெரிக்க நெடுஞ்சாலைகள்ல தனி அனுமதி இல்லாம 8 அடி அகலம் வரைக்கும்தான் போகலாம். அந்த வரம்புக்குள்ள அடங்கணும். கடல் பாதி, ரோடு பாதி சேர்ந்து வரைஞ்ச படகுன்னு சொல்லலாம்.

படகோட எடை ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அதுல வார்ப்பிரும்பு கீல் மட்டுமே சுமார் 250 கிலோ. கீலை முழுசா இறக்கினா 5 அடி ஆழம் வேணும். தூக்கிட்டா 2 அடி போதும். இதே படகு மடங்காத கீலோடவும் வந்துது. அதுக்கு எப்பவுமே மூன்றரை அடி வேணும்.

இப்போ கணக்கு புரியுதா? காத்தை எதிர்த்துப் போகணும்னா அஞ்சடி இறக்கி நல்லா பிடிச்சுக்கலாம். கரைக்கு வரணும்னா ரெண்டடிக்குத் தூக்கிக்கலாம். ஒரே படகு, ரெண்டு குணம்.

வேகம் மட்டும் எதிர்பார்க்காதீங்க. இந்த நீளத்துக்கு மணிக்கு 11 கிலோமீட்டர் தாண்டுறதே கஷ்டம். சைக்கிள்ல நிதானமா போற வேகம்.

ரெண்டடியோட மதிப்பு

அந்த ரெண்டடி எவ்வளவு முக்கியம்னு தெரியணும்னா ஃபுளோரிடா விரிகுடாவைப் பார்க்கணும். ஃபுளோரிடாவோட தென்முனைக்கும் கீஸ் தீவு வரிசைக்கும் நடுவுல இருக்கிற கடல். பெரும்பகுதி எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள்ள வருது. பார்க்க அகண்ட கடல்தான், ஆனா சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான்! பெரிய படகுகள் குறிப்பிட்ட வாய்க்கால்களை விட்டு வெளியே வரவே முடியாத இடங்கள் நிறைய. கீலை மடக்கின சின்னப் படகுக்கு அங்கே இன்னும் நிறைய வழி திறக்குது.

அங்கே படகோட்டுறவங்க தண்ணியோட நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்வாங்க. நீலமா இருந்தா ஆழம், பயப்பட வேண்டாம். பச்சைன்னா பரவாயில்லை. வெள்ளையா தெரிஞ்சா அடியில மணல் மேடு, பார்த்துப் போகணும். பழுப்புன்னா கடற்புல்லோ பாறையோ மேலேயே இருக்கு, கிட்டயே போகாதே.

இதுல இன்னொரு பொறுப்பும் இருக்கு. தரை தட்டினதும் மோட்டாரை முடுக்கி வெளியே வரப் பார்த்தா, அதோட விசிறி கடற்புல்லை வேரோட கிழிச்சுடும். அந்தக் காயம் ஆற வருஷக்கணக்கா ஆகும். மோட்டாரை நிறுத்திட்டு, கீலைத் தூக்கி, கழியால தள்ளி வந்த வழியே திரும்புறதுதான் முறை. மடங்காத கீல் படகால அது சுலபமில்லை. இதால முடியும்.

எல்லாம் ஒரு அச்சாணியில

சரி, இப்போ விலைக்கு வருவோம். 250 கிலோ இரும்பு, ஒரு அச்சாணியிலயும் ஒரு கம்பி வடத்துலயும் தொங்குது. ரெண்டும் உப்புத் தண்ணியில, கண்ணுக்குத் தெரியாத இடத்துல.

வடம் அறுந்தா கீல் தடால்னு கீழே விழும். படகோட அடியையே உடைக்கிற அளவுக்கு அடி இருக்கும். அச்சாணி தேஞ்சா, அலையில நிக்கும்போது கீழே இருந்து "டொக், டொக்"னு சத்தம் வரும். அதைக் கேட்டும் கேக்காத மாதிரி இருக்கக்கூடாது. அதேநேரம், ஓடும்போது வடம் தண்ணியில அதிர்ந்து "ம்ம்ம்"னு முனகும். அது சாதாரணம், அதுக்கு பயப்பட வேண்டாம். பழைய படகு வாங்குறவங்க பாய் வெள்ளையா இருக்கான்னு பார்ப்பாங்க. முதல்ல பார்க்க வேண்டியது அச்சாணி, அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகள், வடம், வின்ச்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் சுவாரசியமானது. இறக்கின கீலைப் பூட்டி வைக்க ஒரு போல்ட் இருக்கு. எதுக்குப் பூட்டு? பலமான காத்துல படகு ரொம்பச் சாஞ்சுட்டா, கீல் தன் எடையால உள்பக்கமா மடங்கிடலாம். நிமிர்த்த வேண்டிய எடையே கைவிட்டுடும். அதனால ஆழக்கடல்ல பூட்டணும். ஆனா பூட்டினபடியே ஆழமில்லாத இடத்துக்கு வந்தா? கீல் தரையில மோதும்போது மடங்கி வழிவிடாது. மொத்த அடியும் படகோட உடம்புல இறங்கும். ஆக, எந்த நேரத்துல எந்த ஆபத்து கிட்ட இருக்குன்னு ஓட்டுறவர்தான் முடிவு பண்ணணும். வசதி கூடக்கூட யோசிக்க வேண்டியதும் கூடுது.

கரையிலயும் ஒரு ஆபத்து. டிரெய்லர் படகுன்னா ஒவ்வொரு தடவையும் பாய்மரத்தை நிமிர்த்தணும், இறக்கணும். அது சுமார் 25 அடி உசர அலுமினியக் கம்பம். மேலே மின்கம்பி போகுதான்னு பார்க்காம நிமிர்த்தி உயிரைவிட்டவங்க இருக்காங்க. முதல்ல அண்ணாந்து பாருங்க, அப்புறம் கம்பத்துல கை வைங்க. கம்பம் நிமிர்ந்த பிறகு டிரெய்லரை நகர்த்தினாலும் இதே விதிதான்.

வேற வழி இல்லையா?

இருக்கு. மெக்கிரேகர் 26 மாதிரி சில படகுகள்ல இரும்புக்குப் பதிலா தண்ணியே எடை. கடல்ல இறங்கினதும் வால்வைத் திறந்து தொட்டியை நிரப்புவாங்க, கரையேறும்போது வடிச்சுடுவாங்க. இழுக்கிற வண்டிக்குச் சுமை குறையும். ஆனா தொட்டி நிரம்பாம பாய் விரிச்சா படகு நிலையா நிக்காது. இங்கேயும் பாருங்க, ஒரு கஷ்டத்தைக் கழட்டினா அதுக்குப் பதிலா ஒரு கவனம் தேவைப்படுது.

நம்ம ஊர்க் கட்டுமரத்துக்கும் அடிப்படைக் கேள்வி இதுதான். துறைமுகமே வேண்டாம், மணல்ல இழுத்துப் போட்டு, கயித்தை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரிச்சே வைக்கலாம். பாய் விரிக்கும்போது நழுவாம இருக்க தண்ணிக்குள்ள ஒரு பலகையை இறக்குவாங்க, கரை வந்ததும் உருவிடுவாங்க. அது இரும்பும் இல்லை, எடையும் இல்லை. ஆனா யோசனை ஒண்ணுதான்: கடல்ல ஆழம் வேணும், கரையில வேண்டாம்.

இந்தச் சின்னப் படகு பெருங்கடலைத் தாண்டுறதுக்குக் கட்டினது இல்லை. வானிலையைப் பார்த்து, கரையை ஒட்டிப் போய், புயல் வருதுன்னா டிரெய்லர்ல ஏத்தி வீட்டுக்கே கொண்டு வந்துடலாம். பெரிய படகுக்காரங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி மண்டியிட்டு, அந்த அச்சாணியை ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.